எச்சரிக்கையும் ஓம்பலும்: புறநானூற்றுப் போரறம் பற்றி ஒரு மறுநோக்கு

பண்டைத் தமிழரின் போரறம் பற்றி எழுதப் புகுவார் பெரும்பாலோர் புறநானூற்று ஒன்பதாம் பாட்டில் தொடங்கி அப்பாட்டிலேயே முடித்தல் வழக்கமாகிவிட்டது. அது பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. ஆக்களும், பார்ப்பனரும், மகளிரும், நோயுற்றோரும், இறந்தார்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதோரும் போர் மூளுமுன் காவலான இடத்தைச் சென்றடையுமாறு முன்னறிவித்து, அதன் பின்னரே வில்லெடுப்பவன் அவ்வழுதி என்பது பாட்டின் திரண்ட பொருள். இதனை ஒருபுறமும், இருபதாம் நூற்றாண்டின் குண்டுவீச்சை மறுபுறமும் நிறுத்தி, அன்று இருந்தது அறம், இன்று இருப்பது அழிவு என்று முடிபு கூறுவர். முதுகலை மாணவர் விடைத்தாள்களிலும் இம்முடிபே ஆண்டுதோறும் மாறாமல் வருகின்றது. பயிற்றுவோரிடமிருந்து அவர்கள் பெற்றது அது. நூலின் ஒரு பக்கத்தை மட்டும் நோக்கிப் பெற்ற முடிபு இது என்பதே ஈண்டு நாம் கூறக் கருதுவது.

முதற்கண் அப்பாட்டின் திணையும் துறையும் நோக்கற்பாலன. அது பாடாண்திணை, இயன்மொழித் துறை. போர்ச் செயலை விரிக்கும் வஞ்சியோ உழிஞையோ அன்று. அரசன் இயல்பைப் புகழ்ந்து, பஃறுளியாற்று மணலினும் பல்லாண்டு அவன் வாழ்க என வாழ்த்துதல் அதன் நோக்கம். முன்னறிவித்தல் அவ்வாழ்த்துக்கு ஏதுவாக வருகின்றது. ஆகவே அது போர்க்களத்தில் யாவரும் கைக்கொண்ட விதியைச் சொல்கின்றதா, ஒரு மன்னனுக்குச் சூட்டிய மாலையா என்பது ஐயத்திற்குரியது. யாவரும் கைக்கொண்ட ஒன்றை ஒருவனுக்குத் தனிச் சிறப்பாகப் புலவர் எடுத்துப் பாடார்.

அதே நெட்டிமையார் அதே வழுதியைப் பாடிய பதினைந்தாம் பாட்டை உடன்வைத்துப் படித்தல் வேண்டும். பகைவர் நகரத்துத் தேரோடிய தெருக்களைக் கழுதையேர் பூட்டி உழுதமையும், புள்ளொலிக்கும் விளைவயல்களைக் குதிரைக் குளம்புகள் துவைத்தமையும், காவலமைந்த நீர்த்துறைகளில் களிறுகளை ஆட்டியமையும் அங்கே புகழாக அடுக்கப்படுகின்றன. தோற்றழிந்தோர் தொகை மிகுதியோ, வேள்விக்களத்து நட்ட தூண்களின் தொகை மிகுதியோ என்று புலவர் வினவுகின்றார். அறிவிப்புக் கேட்டுக் காவலிடம் சென்ற மகளிரும் நோயாளரும் மீண்டு வந்து எதனை உண்பர், எந்நீரைப் பருகுவர், எத்தெருவிற் குடியிருப்பர் என்ற வினா அங்கு எழுவதில்லை. நெட்டிமையாரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. அவர் காலத்துப் புகழ்மொழியில் முன்னறிவிப்பும் பேரழிவும் ஒன்றற்கொன்று மாறாக நிற்கவில்லை. ஒரே மன்னனின் இரு பெருமைகளாக நின்றன என்பதே அறியத்தக்கது. தொல்காப்பியர் வஞ்சித்துறைகளுள் எரி பரப்புதலையும் ஒன்றாக எண்ணியதும், பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை பகைநாட்டைக் கொளுத்துதற்கும் கொள்ளையிடுதற்கும் தனித்தனித் துறைப்பெயர் வகுத்ததும் இதனோடு இயைவன.

பாட்டின் பட்டியலிலும் ஓர் இடர் உண்டு. நோயுற்றோரைக் காவலிடம் போகச் சொல்கின்றது. போகும் வலியில்லாமையே நோயின் இயல்பு. குழந்தைகளைத் தனியே சுட்டவில்லை. மதுரையை எரித்த தீக்குக் கண்ணகி இட்ட ஆணையில் இளங்கோவடிகள் முதியோரையும் குழந்தையரையும் சேர்த்தார், ஆயின் மகளிர் என்னும் பொதுமை அங்கே பத்தினிப் பெண்டிர் எனச் சுருங்கிற்று, நோயாளர் இடம்பெறவில்லை. காக்கப்படுவோர் யாவர் என்ற பட்டியல் காலந்தோறும் வரைவோன் கைக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. ஆயினும் சிலம்பின் தீ ஒருவகையில் ஒப்பற்றது. அழற்படு காதையில் அறவோர் பக்கம் அது நாடவில்லை. ஆவும் கன்றும் அவர் தெருவை அடைந்து பிழைத்தன. ஏவியவள் சொல்லைக் கேட்டு ஆளறிந்து எரியும் படைக்கலம் காப்பியத்தில் மட்டுமே உண்டு.

இவ்விடரை முதலில் உணர்ந்தவர் நச்சினார்க்கினியர் என்று கருதுகின்றோம். வெட்சித்திணையில் தொல்காப்பியர் பகைப்புலத்து ஆநிரையைக் களவிற் கவர்தலைக் கூறி, அதனை 'ஓம்பல்' என்னும் சொல்லால் முடித்தார். திருட்டை ஓம்பல் என்றது ஏன் என்ற வினாவிற்கு உரையாசிரியர் விடை கூறுகின்றார். தீங்கு செய்யத்தகாதாரைப் போர்நிலத்தினின்று அகன்று வருமாறு அறிவித்தல் முறை. அவ்வறிவிப்பை உணர்ந்து வருதற்கு அறிவில்லாத ஆவினைத் தாமே களவிற் கொண்டுவந்து காத்தலும் அறமேயாம் என்பது அவர் விளக்கம். அதற்குச் சான்றாக அவர் காட்டுவது இந்த ஒன்பதாம் பாட்டையே.

வெட்சிப் போர் உண்மையில் அருள்நோக்கால் நிகழ்ந்தது என இதனால் கொள்ளுதல் பொருந்தாது. நிரை கவர்தலிலும் மீட்டலிலும் மாண்டோர்க்கு எடுத்த நடுகற்கள் எத்தனையோ உள. உரையாசிரியர் கூறியது வரலாறன்று, பிற்காலத்து அமைதி. எனினும் அவ்வமைதியில் ஒரு கூர்மை இருக்கின்றது. அறிவிப்பு மட்டும் போதாது. கேட்டும் பெயரமாட்டாத உயிரைக் கொண்டுபோய்க் காக்கும் கடமை அறிவித்தவன் தலையிலேயே விழுகின்றது என அவர் கண்டார். ஆவிற்குக் கண்டதை அவர் நோயாளிக்கு நீட்டவில்லை. நீட்டியிருப்பின் தமிழிற் போரறம் வேறொரு வடிவம் பெற்றிருக்கும்.

இந்நோக்குடன் குண்டுவீச்சின் வரலாற்றை அணுகினால் எச்சரிக்கை என்னும் சொல் எவ்வளவு நெகிழ்ந்தது என்பது புலனாகும். 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகள், திடீர்த் தாக்குதல் நீங்கலாக, நகரொன்றைக் குண்டால் தாக்குமுன் அந்நகர அதிகாரிகட்கு அறிவிக்கத் தன்னால் இயன்ற யாவும் படைத்தலைவன் செய்யவேண்டும் என்றன. நான்கே ஆண்டில், 1911 நவம்பர் 1-இல், இத்தாலிய வானோட்டி கவோட்டி லிபியாவில் விமானத்திலிருந்து முதன்முதலாகக் கையால் குண்டுகளை எறிந்தான். 1919 ஏப்ரல் 14-இல் பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் ஆங்கில அரசு தன் ஆட்சிக்குட்பட்ட மக்கள்மீதே விமானத்தை ஏவிற்று. 1966 மார்ச்சில் விடுதலை பெற்ற இந்தியாவின் விமானங்கள் அய்சால் நகரைத் தாக்கின. 1977-ஆம் ஆண்டு ஜெனிவாக் கூடுதல் நெறிமுறையும் பயன்படத்தக்க முன்னறிவிப்பை வேண்டுகின்றது. ஆயின் சூழ்நிலை இடந்தராவிடின் வேண்டா என விலக்கும் தருகின்றது. அறிவிப்புக்குப் பின்னும் தங்கிவிட்ட குடிமகன், போரில் நேரே ஈடுபடாதவரையில், காப்பை இழப்பதில்லை என்பது அதே நெறிமுறையாற் பெறப்படும். நடைமுறையிலோ தங்கியவன் தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்னும் வாதமே ஓங்கி ஒலிக்கின்றது. 1945 ஜூலை இறுதியில் தாக்கப்படவிருந்த ஜப்பானிய நகரங்களின் பெயர்களை அச்சிட்ட தாள்கள் வானிலிருந்து தூவப்பட்டன. ஆனால் அணுகுண்டு என ஒன்று உண்டு என்பதை ஆகஸ்டு 6-க்கு முன் ஹிரோஷிமா மக்களுக்கு எத்தாளும் சொல்லவில்லை.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் நிகழ்ந்தது நச்சினார்க்கினியரின் ஆவினை நினைப்பூட்டும். வானில் ஜப்பானிய விமானங்கள் தோன்றியபோது மக்கள் ஒளிந்திலர். தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தனர். அதுகாறும் குண்டுவீச்சைக் கண்டறியாதவர்கள் அவர்கள். மாண்டவருள் துறைமுகத்தில் உழைத்த இந்தியத் தொழிலாளர் பலர். எஞ்சியோருட் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா நோக்கி வந்தனர். அங்ஙனம் வந்தவருள் ஒருவரான வெ. சாமிநாத சர்மா தம் பர்மா வழிநடைப் பயணத்தை நூலாக்கினார். போரிலக்கியம் என நம் துறைகள் பாடமாக வைக்கும் நூல்களின் வரிசையில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. வென்றவனும் வீழ்ந்தவனும் பாடப்பட, தப்பி நடந்தவன் பயண இலக்கியத்துள் ஒதுக்கப்படுகின்றான்.

இதற்கு மாறாக, 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டனை எண்ணுக. ஏறத்தாழ 130 குண்டுகள் எறியப்பட்டன. குறைந்தது ஐவர் மாண்டனர். தமிழ்ப் பேச்சில் எஞ்சியது இறந்தோர் நினைவன்று. கெட்டிக்காரனை, எளிதிற் பிடிபடாதவனைக் குறிக்கும் 'எம்டன்' என்னும் புதுச் சொல்லே எஞ்சிற்று. எய்தவனை வியக்கும் பாடாண் மரபு அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றது போலும்.

ஈழத்து நிகழ்ச்சிகள் இரண்டு எச்சரிக்கையின் இரு முனைகளைக் காட்டுவன. 1995-இல் யாழ்ப்பாணத்துப் படைநடவடிக்கையின்போது கோயில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சம் புகுமாறு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஜூலை 9-இல் அவ்வாறு புகுந்தோர் நிறைந்த நவாலி தேவாலயத்தை இலங்கை விமானப்படையின் குண்டுகள் தாக்கின. அறிவிப்பு இருந்தது, காவலிடம் இருந்தது, ஓம்பல் இல்லை. ஆறு மாதம் கழித்து, 1996 ஜனவரி 31-இல், கொழும்பு மத்திய வங்கியின்மேல் விடுதலைப்புலிகள் மோதவிட்ட வெடிமருந்து வாகனம் ஏறத்தாழ 90 பேரைக் கொன்றது. 1998 பிப்ரவரி 14-இல் கோயம்புத்தூரில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியாயினர். இவை களவில் வந்தவை. தொல்காப்பியர் வெட்சியிற் களவை ஏற்றது ஓம்புதற்பொருட்டு; இங்கோ யாரும் அறியாமையும் யாரும் தப்பாமையுமே களவின் பயன். அரசின் குண்டையும் கரந்துறைவோன் குண்டையும் ஒரே நிறையாகக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. முன்னது காக்க வேண்டியவரைக் கணக்கில் எழுதிவைத்துப் பின் கைவிடுகின்றது; பின்னது அக்கணக்கையே தன் இலக்காகக் கொள்கின்றது. பழி வேறுவேறு. ஆயின் வானிலிருந்து தாளைத் தூவியதனாலேயே முன்னது நெட்டிமையார் வழி நின்றது என வாதிடுவார்க்கு, பதினைந்தாம் பாட்டும் நெட்டிமையார் பாட்டே என்பதை நினைவூட்டல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு எம் வட்டாரமே துணைநிற்பது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையிலுள்ள பனவடலிசத்திரம் இளம்பனையாலும் வழிப்போக்கர் தங்குமிடத்தாலும் பெயர் பெற்ற ஊர். படையெடுப்பின் பெயர் அதற்கில்லை. ஆனால் அதற்கு வடமேற்கே நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும், தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியும் உள்ளன. பூலித்தேவரின் கோட்டையை 1755-இல் கொள்ளமாட்டாது ஹெரான் மீண்டான். 1761-இல் யூசுப்கான் கொண்டான். 1767-இல் வாசுதேவநல்லூர்மீது கேம்பெலின் பீரங்கிகள் முழங்கின. சுவர் பிளந்த இடத்தை உள்ளிருந்தோர் வைக்கோலும் பனையும் இட்டு அடைத்து நின்றனர் என்பர். 1801 மே 24-இல் குண்டுமழைக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது; கோட்டை இடிக்கப்பட்டு நிலம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. கழுதையேரைப் பாடத்திற் புகழ்ந்து, இவ்வேரைக் கொடுமை என்று வெகுளும் நம் மனநிலைக்குக் காரணம் யாது? இங்கே உழப்பட்டது நம் நிலம்.

அறத்தின் குரல் புறநானூற்றில் இல்லையோ எனின், உண்டு. அதனை வேறிடத்திற் காணவேண்டும். நாற்பத்து நான்காம் பாட்டில் கோவூர்கிழார், நலங்கிள்ளி முற்றிய ஆவூர்க் கோட்டையுள் அடைந்துகிடந்த நெடுங்கிள்ளியிடம் பேசுகின்றார். யானைகள் நீராட்டும் உணவும் இன்றி அரற்றுவதையும், பாலின்றிக் குழந்தைகள் கதறுவதையும், பூவற்ற கூந்தலை மகளிர் வாரி முடிப்பதையும், நீரற்ற வீடுகளில் அழுகுரல் எழுவதையும் எடுத்துரைத்து, அறம் கருதின் கதவைத் திற, மறம் கருதினும் திறந்து போர் செய் என்கின்றார். ஒன்பதாம் பாட்டின் பட்டியலில் இல்லாத குழந்தை இங்கே அழுகின்றது. இப்பாட்டு எய்வோனை வாழ்த்தவில்லை; உள்ளிருப்போரின் துன்பத்தைக் காவலன் செவியில் இடுகின்றது. மக்களைக் கேடயமாக்கி உள்ளே பதுங்குவோனும் பொறுப்பினின்று நீங்கான் என்பதும் இதனாற் பெறப்படும். 9, 15, 44 ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்துப் பயிற்றாமல் தமிழர் போரறம் என்று தலைப்பிடுதல் இனியேனும் தவிர்க்கப்படவேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் நிகழ்ந்ததாக, அப்போரிற் பங்கு கொண்ட ஆங்கிலப் படைத்தலைவன் வெல்ஷ் தன் நினைவுநூலில் எழுதிய செய்தி ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. காயமுற்று வீழ்ந்தவர் நடுவே தன் மகனைத் தேடிவந்த பெண்ணொருத்தி, அம்மகன் வேண்டியபடி, குற்றுயிராய்க் கிடந்த ஊமைத்துரையை வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். தேடி வந்தோர் அணுகியபோது, உடலின்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்தான் என்று சூழ இருந்த மகளிர் ஒப்பாரி வைத்தனர். வந்தவர் திரும்பிப் போயினர். நோயுற்றோனைத் தீண்டலாகாது என்னும் நெறி அங்கே காத்தது. அந்நெறியை நிறுத்தியது அறிவித்து எய்யும் வேந்தன் அறமன்று, அம்மை ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம்.