மூவரோடு தொடங்கும் படை

ஜெர்மனியின் ஓவர்ஹைப் ஸ்டுடியோஸ் 2017-ல் வெளியிட்ட 'பேட்டில் பிரதர்ஸ்' கணினி விளையாட்டில் நாம் அரசனுமில்லை, அவதார புருஷனுமில்லை. தலைவனை இழந்து எஞ்சிய மூன்று கூலிப்படை வீரர்களுக்குப் பொறுப்பாளி, அவ்வளவுதான். செத்தவன் திரும்ப வரமாட்டான். அதனாலேயே இதன் தொடக்க நாட்கள் அத்தனை அழகு.

முதல் வேலை ஆள் சேர்ப்பது. பெயர்பெற்ற வீரனைக் கூலிக்கு அமர்த்தப் பணம் இருக்காது. உழவர், மீனவர், பிச்சைக்காரர் எனக் கிடைத்தவர்களை அழைத்து, கையில் ஈட்டியும் கேடயமும் கொடுக்க வேண்டும். ஈட்டி பெரிதாகக் காயப்படுத்தாது; ஆனால் குறி தவறுவது குறைவு. கற்றுக்குட்டிக்கு அதுதான் தேவை. கேடயங்களை ஒட்டி வரிசை கட்டி, எதிரியை நம்மிடம் வரவிட்டு, ஒருவனை இருவர் மூவராகச் சூழ்ந்தால் அடி விழும் வாய்ப்பு கூடும்.

எனக்கு மிகவும் பிடித்தது குத்துவாள். நல்ல கவசம் அணிந்த கொள்ளைக்காரனைக் கோடரியால் வெட்டினால் கவசமும் நார் நாராகிவிடும். கடைசியாக அவன் ஒருவனை மட்டும் விட்டுவைத்து, சூழ்ந்து நின்று, கவசத்தின் இடுக்கில் குத்துவாளைப் பாய்ச்சினால், சேதமில்லாத கவசம் நம் கைக்கு வரும். கடையில் வாங்கக் கட்டுப்படியாகாத பொருள், பொறுமைக்குப் பரிசாகக் கிடைக்கிறது.

சோறும் சம்பளமும் தினம் கரையும். ஓர்க் எனும் அரக்கர்களின் பெரிய கூட்டம் கண்ணில் பட்டால் வழிமாறிப் போவதே புத்திசாலித்தனம். வீரம் என்பது ஆட்களைப் பத்திரமாகக் காப்பதும்தான் என்று உணர்த்தும் விளையாட்டு இது.