டெர்மக்ஸ்: கைப்பேசியில் குடியேறிய யூனிக்ஸ்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள், கைப்பேசியில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியை நிறுவிவிட்டேன். எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுதான்: 2002-இல் திஸ்கி குறியாக்கத்தில் தட்டிவைத்த என் பழைய கதைகளை, மடிக்கணினியைத் தொடாமல், ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே யூனிகோடுக்கு மாற்றவேண்டும்.

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் வழக்கமான லினக்ஸ் கருவிகள் நம்பியிருக்கும் ஜிலிப்சி நூலகம் அங்கே கிடையாது. பயோனிக் என்ற சிறிய நூலகம்தான் உண்டு. வழக்கமான ‘பின்’, ‘யூஎஸ்ஆர்’ அடைவுகளிலும் ஒரு செயலியால் எழுத முடியாது. அதனால் டெர்மக்ஸ் குழு கருவிகளைத் திருத்தி, பயோனிக்குக்காகக் கம்பைல் செய்து, செயலியின் சொந்த இடத்துக்குள்ளேயே ஒரு யூஎஸ்ஆரைக் கட்டியிருக்கிறது. இதே வேலைக்காக விண்டோஸில் 1995-இல் பிறந்த சிக்வின், புதிய புராசஸைக் கிளப்பும் ஃபோர்க் அழைப்பைப் போலச்செய்து காட்டியே களைத்துப்போகும். இங்கே கெர்னலே அதைச் செய்கிறது. கிரெப், செட், ஆக் கருவிகள் எல்லாம் தட்டியவுடன் பதில் சொல்கின்றன.

எழுத்தெண்ணும் கருவியான டபிள்யூசி-யிடம் ‘சிங்கப்பூர்’ என்று கொடுத்தேன். 33 பைட், 11 எழுத்து என்றது. நம் கணக்கில் ஆறு எழுத்துதானே! புள்ளியும் உயிர்க்குறியும் யூனிகோடில் தனித்தனியாக எண்ணப்படுவதால் மேசைக்கணினி லினக்ஸிலும் இதே 11-தான் வரும்.

உண்மையான சோதனை, குறியாக்கம் மாற்றும் கருவியான ஐகான்வ். அதன் பட்டியலில் ஆர்மீனியம், ஜார்ஜியம், லாவோ வரை இருக்கிறது, திஸ்கி இல்லை. வீட்டு உபுண்டுவில் இதே கட்டளை திஸ்கியை மாற்றுகிறதே! பெயர்தான் ஒன்று, உள்ளே இருக்கும் ஆள் வேறு. உபுண்டுவின் ஐகான்வ் ஜிலிப்சியோடு வருவது, அதற்குத் திஸ்கி தெரியும். டெர்மக்ஸில் இருப்பது ஜிஎன்யூ லிபைகான்வ். வெறும் அட்டவணையைச் சேர்த்தாலும் போதாது. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. வரிசையையும் மாற்றியாகவேண்டும்.

1997 மே மாதம் இதே ஊரில், தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 கருத்தரங்கு நடந்தது. ஆளுக்கொரு குறியாக்கம் என்றிருந்த காலம் அது. நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இணையத்தில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்ட இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு திஸ்கி இல்லாத பட்டியலைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

வழி இருக்கிறது. புரூட்-டிஸ்ட்ரோ என்ற கருவி மூலம் டெபியன் லினக்ஸை டெர்மக்ஸுக்குள் இறக்கினேன். ரூட் அனுமதி தேவைப்படவில்லை. புரூட் நடுவில் நின்று அழைப்புகளை மறித்து வழிமாற்றுவதால் வேகம் சற்றுக் குறைகிறது. ஆனால் ஜிலிப்சி, திஸ்கி தெரிந்த அதன் ஐகான்வோடு முழுசாக வந்துவிட்டது. முதல் கதை கொம்பும் காலும் இடம் பிசகாமல் திறந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

ஒரு எச்சரிக்கை: ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் கிளப்பும் துணைப் புராசஸ்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் அமைப்பே சிலவற்றை நிறுத்திவிடும். ‘சிக்னல் 9’ என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். டெர்மக்ஸ் செயலியை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்குங்கள். பழைய திஸ்கி கோப்புகள் இருந்தால் டெபியனுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கிவையுங்கள். ஒரு புளூடூத் விசைப்பலகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.