வினாவிடையும் நற்சிந்தனையும்

சைவ வாழ்விலே பழைய நெறி, புதிய நெறி என இரண்டு வகுத்துப் பேசுதல் இன்று நம்மிடையே வழக்காகிவிட்டது. முன்னையதற்குச் சான்றாக ஆறுமுக நாவலரையும் (1822–1879), பின்னையதற்குச் சான்றாக யோகர் சுவாமிகளையும் (1872–1964) காட்டுவர். ஒருவர் ஆகமம், அனுட்டானம், ஆசாரம் என்று வற்புறுத்தியவர். மற்றவர் கொழும்புத்துறைக் குடிலிலிருந்து தன்னையறிதலை உணர்த்தியவர். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இப்பகுப்புப் பொருத்தமாகவே தோன்றும். இருவர் நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கோ அது தலைகீழாகிவிடும்.

நாவலரது சைவ வினாவிடையை முதலில் நோக்குவாம். வினாவும் விடையுமாகப் பொருளுரைத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. உண்மை விளக்கம் அவ்வாறமைந்ததே. ஆயின் அங்கு வினவுவோன் மாணாக்கன்; அவனது ஐயமே நூலை நடத்துகின்றது. சைவ வினாவிடையிலோ வினவுவதும் நூலே, விடுப்பதும் நூலே. உலகின் கருத்தா யார் என்பதில் தொடங்கி, ஆடவரும் பெண்டிரும் சந்நிதியில் வணங்க வேண்டிய முறை ஈறாக அனைத்துக்கும் முடிந்த முடிபு உண்டு. பிள்ளை செய்ய வேண்டியது மனனஞ் செய்தல். இது மிஷன் பாடசாலைகளிற் பயின்ற கிறித்தவ வினாவிடைகளின் அமைப்பேயாகும். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்த நாவலர் அதன் வலிமையை நன்கறிந்தவர். மாற்றார் சமயத்துப் பிள்ளை கேட்டவுடன் விடை சொல்ல, திருநீறு பூசுவதேன் என்பதறியாது சைவப் பிள்ளை விழித்து நின்ற காலமது. அந்நிலைக்கு இந்நூல் தக்க மருந்தாயிற்று என்பதில் ஐயமில்லை.

பிற கருவிகளும் அத்தகையனவே. 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார், 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலை, 1849இல் அச்சியந்திரசாலை. பழைமையைக் காத்தவரெனப் போற்றப்படுபவர் கையாண்டவை யாவும் அந்நாளிற் புத்தம்புதியன. வழக்கம் என்பதற்காக அவர் எதனையும் ஏற்றவருமல்லர். உயிர்ப்பலியைக் கடிந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மூலத்தானத்தில் விக்கிரகமின்றி வேலாயுதம் இருப்பது ஆகமத்துக்கு ஒவ்வாதென்று அச்சிட்டே வெளியிட்டார். (இன்றும் அங்கே வேலே இருக்கின்றது, பக்கத்தில் நாவலர் மணிமண்டபமும் இருக்கின்றது. நல்லூரார் இரண்டையும் கைவிடவில்லை!)

அதே நல்லூரின் தேரடியிலேதான், ஊரார் பித்தரென்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகளை யோகர் குருவாகக் கொண்டார். அங்கே அச்சுமில்லை, பாடத்திட்டமுமில்லை. ஏச்சும் மௌனமுமே உபதேசம். குருவின் ஒரு சொல்லைச் சீடன் வாழ்நாள் முழுதும் அசைபோடும் அந்நெறி அச்சியந்திரத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. 1935இற் சிவதொண்டன் இதழ் தோன்றியபோதும், நற்சிந்தனைப் பாடல்கள் வாய்மொழியின் எளிமையை இழக்கவில்லை. இவரை நவீனர் எனல் எங்ஙனம் பொருந்தும்?

நற்சிந்தனையிலும் குறையுண்டு என்பதே என் துணிபு. தேவார திருவாசகத்தில் ஊறிய செவியை அது எதிர்பார்க்கின்றது. அப்பயிற்சியை அது தருவதில்லை. அடிப்படை அறியாதவன் அதன் ஒரு தொடரைப் பெயர்த்துச் சுவரில் மாட்டிக்கொண்டால், சும்மா இருத்தல் சோம்பலுக்குப் பெயராகிவிடும். கோயிலுக்கும் போகாமல், நூலையும் தொடாமல், “நான் யோகர் வழி” என்பார் பலரை நாமறிவோம்.

சைவநெறி பயிற்றும் ஆசிரியர்க்கு இஃது ஏட்டளவான வழக்கன்று. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை, “கோயிலுக்குள்ளே முந்தி சில ஆக்களை விடாதது ஏன், சேர்?” என்று கேட்கிறாள். 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றோர் மரபையே காரணங் காட்டினர். நாவலரும் சாதியாசாரத்தை விட்டவரல்லர். அதனை மறைத்தெழுதுதல் அவர்க்குச் செய்யும் மரியாதையாகாது. அப்பிள்ளைக்கு வினாவிடையில் விடையில்லை. எல்லாம் ஒன்றெனக் காணும் நற்சிந்தனையில் விடையின் சாயல் உண்டு; ஆயினும் அக்கதவைத் திறந்தது பாட்டன்று, வாயிலில் அடிபட்டும் அமர்ந்திருந்த மக்களின் போராட்டமே.

அவளுக்கு நாவலரிடமிருந்து எடுத்துக் கொடுக்கத்தக்கது அவர் விடைகளன்று, அவர் செய்கை என்பேன். தாம் வணங்கிய பெருமானின் கோயிலையே பிழையென்று எழுதத் துணிந்தவர் அவர். அவர் கையிலிருந்த அளவுகோல் ஆகமம். நம் பிள்ளைகள் வேறோர் அளவுகோல் கொண்டு அளக்கலாம். அளத்தல் கூடாதென்று அவர் பெயராற் சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. வினாவிடையை ஒப்பிக்கும் நம் மாணவருள், நல்லூர் பற்றி அவரெழுதிய கண்டனங்களை அறிந்தோர் மிகச் சிலர்.

சென்ற தவணையில் தரம் 10 மாணவர்க்கு அந்நூலின் வினாக்களை மாத்திரம் கொடுத்து, விடைகளைத் தாமே எழுதப் பணித்தேன். பெரும்பாலோர் அச்சிலுள்ளதையே எழுதினர். நால்வர் வினாவையே மாற்றி எழுதியிருந்தனர். அவற்றுக்குப் புள்ளியிடும் முறை ஆசிரியர் வழிகாட்டியில் இல்லை.