அழகான படங்களும் அழிக்கப்பட்ட மனிதர்களும்

கடந்த இலையுதிர் காலத்தில் பாரிசின் புறநகர் ஒன்றில், எம்மவர் சிலர் தாம் எடுத்த புகைப்படங்களை ஒரு சிறு மண்டபத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அழைப்பு வந்தது, போனோம். இவர்களில் எவருக்கும் படம் எடுப்பது தொழிலல்ல. ஒருவருக்கு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. இன்னொருவருக்குப் பலசரக்குக் கடை. மற்றவர் கணக்காளர். கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு, இரவுகளில் கொம்பியூட்டருக்கு முன்னால் மினக்கெட்டு நாற்பது படங்களை உருவாக்கியிருந்தார்கள். ஒரு சுவரில் பாரிஸ் நகரம். எதிர்ச் சுவரில், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எடுத்த யாழ்ப்பாணத்து நிலக்காட்சிகள்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டி விடுவோம். கட்டடங்கள் சரிந்து விழாமல் நிமிர்ந்து நின்றன. அடிவானக் கோடு எங்கும் சாயவில்லை. பொழுது பட்ட பின் வானம் முற்றாகக் கறுக்கும் முன்னர் கிடைக்கிற அந்த இருபது முப்பது நிமிட நீல வெளிச்சத்துக்காகப் பாலங்களில் காத்து நின்றிருக்கிறார்கள். முக்காலியில் கமராவை வைத்து நீண்ட நேரம் திறந்துவிட்டு, சென் நதியின் அலைகளைப் பட்டுத் துணிபோல் ஆக்கியிருக்கிறார்கள். பத்து மணித்தியாலம் கோப்பை கழுவிவிட்டு வந்தவர் இதற்காகக் குளிரில் நின்றார் என்பது சிறிய விடயமல்ல.

எனினும் மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது மனதில் ஏதோ இடறிக்கொண்டிருந்தது. மெற்றோவில் திரும்பி வரும்போதுதான் அது விளங்கியது. இருபது பாரிஸ் படங்களில் ஒரு மனிதரைக்கூட நாம் காணவில்லை. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிற நகரம் இது. அதிகாலையில் எடுத்த படங்களாயிருக்கும் என்று முதலில் நினைத்தோம். பின்னர் படமெடுத்தவர்களில் ஒருவரைச் சந்தித்தபோது கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. "சனம் நிண்டால் படம் பழுதாய்ப் போடும் அண்ணை. ஆக்கள், குப்பை வாளி, கார் எல்லாத்தையும் துடைச்சுப் போட்டன். இப்ப அது ஒரு நிமிச வேலை" என்றார்.

இந்த ஒரு நிமிட வேலையைப் பற்றித்தான் நாம் இங்கு கதைக்க விரும்புகிறோம்.

*

படத்தைத் திருத்துவதே பொய் என்று சொல்பவர்கள் எம்மிடையே உண்டு. அக்கருத்து எமக்கு உடன்பாடானதல்ல. கமரா பதிவு செய்கிற மூலக்கோப்பு, வெளிறிச் சோர்ந்துபோன ஒரு தகவல் குவியல். எங்கே வெளிச்சம் வேண்டும், எங்கே இருள் வேண்டும், எந்த நிறம் எவ்வளவு என்று யாராவது முடிவு செய்தால்தான் அது படமாகும். "நான் எதையும் திருத்துவதில்லை" என்று சொல்பவர், அந்த முடிவை கமராவையோ கைத்தொலைபேசியையோ செய்த கம்பனியிடம் விட்டுவிடுகிறார். அவ்வளவுதான்.

திருத்துதல் 1990இல் போட்டோசொப் விற்பனைக்கு வந்தபோது தொடங்கியதுமல்ல. குஸ்தாவ் லு கிறே என்ற பிரெஞ்சுக்காரர் 1856, 1857 காலத்தில் எடுத்த கடற்காட்சிகள் புகழ் பெற்றவை. அந்நாளைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக இணங்குபவை. கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். எனவே அவர் சில படங்களில் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு இன்னொரு தகடு என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 2020இல் போட்டோசொப்பில் வானத்தை மாற்றும் வசதி வந்தபோது பலர் அதிசயித்தார்கள். அது நூற்றறுபது வருடப் பழைய வேலை.

அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் அன்சல் அடம்ஸ் 1941 நவம்பரில் நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டெஸ் என்ற ஊரில், நிலவு எழும்பிய நேரத்தில், ஒரு சிற்றூரையும் அதன் மயானச் சிலுவைகளையும் எடுத்தார். அவசரத்தில் ஒளிமானியைக் காணவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்ததால் அதைக்கொண்டு கணக்குப் பார்த்து ஒரேயொரு தகடு எடுத்தார். அடுத்த தகட்டுக்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரு தகட்டிலிருந்து பல தசாப்தங்களாக அவர் பிரதிகள் செய்துகொண்டேயிருந்தார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகம் தெரியும். பிந்தியவற்றில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. இதைப் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். ஒரே கீர்த்தனையை ஒரு பாடகர் இளமையில் ஒரு மாதிரியும் முதுமையில் இன்னொரு மாதிரியும் பாடுவது போன்றது அது. அந்தச் சிலுவைகள் எல்லாப் பிரதியிலும் இருக்கின்றன.

ஆனால் அதே அடம்ஸின் இன்னொரு படம் உண்டு. 1944இல் கலிபோர்னியாவின் லோன் பைன் என்ற ஊரிலிருந்து எடுத்த குளிர்காலச் சூரிய உதயம். பின்னால் வெயில் பட்ட சியரா நெவாடாப் பனிமலைகள். நடுவில் இருண்ட குன்றுகள். முன்னால் ஒளிவிழுந்த புல்வெளியில் ஒரு குதிரை. அந்தக் குன்றொன்றில் ஊர்ப் பள்ளிக்கூட மாணவர்கள் வெள்ளையடித்த கற்களால் தமது ஊரின் முதலெழுத்துகளைப் பெரிதாக அமைத்திருந்தார்கள். அடம்ஸ் அவற்றைத் தகட்டிலும் தாளிலும் தேடித் தேடி அழித்தார். மலையில் அவை ஒரு வடு என்பது அவரது எண்ணம். இதை அவர் மறைக்கவில்லை, தானே எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தக் காட்சியில் மனிதர் இட்டிருந்த கையெழுத்து அந்த எழுத்துகள்தான்.

அதே பள்ளத்தாக்கில், லோன் பைனுக்குச் சற்று வடக்கே, அப்போது மன்சனார் முகாம் இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்து வைத்த முகாம்களில் அது ஒன்று. ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்தார்கள். அடம்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவரல்ல. 1943இல் முகாமுக்குச் சென்று அம்மக்களைப் படமெடுத்தார். 1944இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் காவற் கோபுரங்களையும் முட்கம்பி வேலியையும் எடுக்க அவருக்கு அனுமதியில்லை. அதே முகாமுக்குள் தோயோ மியாதாகே என்ற கைதி இருந்தார். வெளியில் அவர் புகைப்படத் தொழில் செய்தவர். லென்ஸை ஒளித்து உள்ளே கொண்டுபோய், மரப்பெட்டியொன்றைச் செய்வித்துக் கமராவாக்கி இரகசியமாகப் படமெடுத்தார். வேலியைக் காட்டும் படங்கள் அவரிடமிருந்து எமக்குக் கிடைத்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மன்சனாரில் வேலியைப் படத்துக்குள் வராமல் தடுக்க ஓர் அதிகாரம் தேவைப்பட்டது. இன்று எம்மை எவரும் தடுக்கவில்லை. அந்த வேலையை நாங்களே எமது வீட்டில், ஓய்வு நேரத்தில், பொழுதுபோக்காகச் செய்கிறோம்.

*

இப்போது மண்டபத்தின் மற்றச் சுவருக்கு வருவோம். பண்ணைக் கடலில் அந்திப் பொழுது. கசூரினாக் கடற்கரை. யாழ் நூலகத்தின் வெள்ளை மாடங்கள். வரிசையாகப் பனைகள். எல்லாமே அழகு. பனைப் படத்தின் முன்னால் நின்றபோது படமெடுத்தவரே ஒரு தகவலைச் சொன்னார். அந்த வரிசையில் செல் பட்டுத் தலை போன இரண்டு மரங்கள் நின்றனவாம். "மொட்டையாய் நிண்டு கண்ணை உறுத்தினது" என்பதால் பக்கத்துப் பனையின் வட்டைப் பிரதி செய்து இரண்டுக்கும் வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போகிறவன் ஊரை முழுதாகப் பார்க்க ஆசைப்படுகிறான். நடுச்சாமத்தில் இருந்து இரண்டு மரங்களுக்குத் தலை வைத்தவரின் மனதில் ஏக்கமும் இருந்திருக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற எமது பிள்ளைகள் என்ன விளங்கிக்கொள்வார்கள்? அவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி இருக்கிற சாட்சியம் இந்தச் சுவரில் தொங்குவதுதான். யுத்தம் நடந்த நிலத்தில் யுத்தத்தின் அடையாளத்தை அழிக்க விரும்புகிறவர்கள் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எமது உதவி தேவையில்லை.

எதையும் அழிக்காமலே அழிக்கவும் முடியும். நூலகப் படத்தின் கீழ் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. 1981இல் எரிக்கப்பட்டு, 2003இல் மீண்டும் திறக்கப்பட்ட கட்டடம் அது. இரண்டு வருடங்களை ஒரு வரியில் எழுதியிருந்தால் அந்த வெள்ளைச் சுவருக்கு வேறு அர்த்தம் வந்திருக்கும்.

பழைய கணக்கொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் வந்த நாங்களும் இதையே செய்தோம். முப்பத்தாறு படப் பிலிம் றோல் ஒன்றை நாலுபேர் பங்குபோட்டு, இரவல் கோட்டுடன் ஈபல் கோபுரத்தின் முன்னாலும் யாரோ ஒருவரின் கார்க் கதவில் கை வைத்தும் நின்று எடுத்து, ஊருக்கு அனுப்பினோம். ஒரு அறையில் எட்டுப்பேர் படுத்ததை எவரும் எடுக்கவில்லை. அம்மா கவலைப்படக்கூடாது என்பது காரணம். அன்று நாங்கள் மறைத்தது எமது துன்பத்தை. ஏன் மறைக்கிறோம் என்பதும் எமக்குத் தெரிந்திருந்தது. இன்று நாங்கள் அழிப்பது மற்றவனை.

*

ஆளில்லாத தெருக்கள் உலகின் சிறந்த படங்களிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1838இல் டகேர் எடுத்த தாம்ப்ள் பெருந்தெருவின் படம், இன்றைய றிப்பப்ளிக் சதுக்கத்துக்கு அருகில் எடுக்கப்பட்டது. பட்டப்பகலிலும் தெரு வெறுமையாகத் தெரிகிறது. காரணம், தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. நடந்தவர்களும் வண்டிகளும் பதியாமல் மறைந்து போனார்கள். ஒரு மூலையில் ஒருவர் மட்டும் நிற்கிறார். சப்பாத்துத் துடைப்பிப்பதற்காக அசையாமல் நின்றவர். துடைத்தவரும் மங்கலாக அருகில் தெரிகிறார். மனிதர் பதிந்த முதற் படங்களில் ஒன்று இது என்கிறார்கள். அன்று கருவியால் முடியாமல் நடந்ததை, எல்லாம் முடிகிற இன்றைய கருவியைக் கொண்டு நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம்.

இதே நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும்வரை பழைய பாரிசைப் பதிவு செய்த எஜேன் அட்ஜே, கனமான மரக் கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து அதிகாலைகளில் அலைந்தார். அவரது தெருக்களும் பெரும்பாலும் வெறுமையானவை. ஆனால் சுவரொட்டி, கடைப்பலகை, கல் இடுக்கில் ஓடும் கழிவுநீர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சில படங்களின் மேல்மூலைகளில் லென்ஸ் எட்டாமல் விழுந்த கறுப்பு வளைவைக்கூட அவர் வெட்டி எடுக்கவில்லை. தெருவில் பொருள் விற்றவர்களையும், நகரின் விளிம்பில் குடிசைகளில் வாழ்ந்த கந்தல் பொறுக்குபவர்களையும் தனியாகத் தேடிப்போய் எடுத்தார். வெறும் தெரு வேண்டுமென்றால் விடிய எழும்பிப் போனார். நின்றவனை அழிக்கவில்லை.

*

இவ்வளவும் எழுதுகிற எமக்கும் இதில் பங்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஸ்ராலின்கிராட் பக்கம், கால்வாய்க் கரையில், விடியும் நேரத்தில் ஒரு படமெடுத்தோம். மழை விட்டிருந்தது. கற்களில் விளக்கொளி. இடது பக்கத்தில், மாநகரசபையின் பச்சை உடுப்போடு ஒருவர் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கற்களைப் பிரதி செய்து அவர்மேல் ஒட்டி, ஒரு மாலைக்குள் அவரை இல்லாமல் செய்தோம். படத்தைப் பெரிதாக அச்சிட்டு வீட்டில் மாட்டினோம். வந்தவர்கள் எல்லோரும் நன்று என்றார்கள்.

ஒருநாள் பழைய நண்பர் ஒருவர் வந்தார். தேத்தண்ணியைக் குடித்தபடி கனநேரம் படத்தைப் பார்த்தார். "இது உண்மையான படமே? அந்த இடம் விடியப்புறத்திலை ஒருநாளும் இப்பிடி வெறுமையாய் இராது. எட்டு வருசம் நான் உந்தக் கரையிலை றெஸ்ரோறன்ற் குப்பை வாளி இழுத்தனான். கூட்டிற ஆக்களோடை தான் முதல் கதை" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எமக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு அந்த மனிதரைத் திரும்ப வைக்கலாம் என்று கொம்பியூட்டரைத் திறந்தோம். மூலக்கோப்பு இல்லை, திருத்தியதை அதன் மேலேயே பதிந்திருந்தோம். படத்தில் மினுங்குகிற அந்தச் சுத்தமான கற்கள் அவர் கூட்டியவை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலையை வைத்துக்கொண்டு வேலை செய்தவரை அழித்திருக்கிறோம். இந்த நகரத்தில் எம்மவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று நாம் எத்தனை கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம்!

பொழுதுபோக்கை விடுங்கள் என்று எவரிடமும் நாம் சொல்ல வரவில்லை. ஒளியைக் கூட்டுங்கள், குறையுங்கள்; சாய்ந்த கட்டடத்தை நிமிர்த்துங்கள்; வேண்டாததைச் சட்டத்துக்கு வெளியே விட நாலடி தள்ளி நின்று எடுங்கள். ஆனால் நின்ற ஒருவரை அழிக்க முன் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருமுறை பாருங்கள். மூலக்கோப்பை எப்போதும் தனியாக வையுங்கள். படத்தின் கீழ் இடத்தையும் வருடத்தையும் எழுதுங்கள்.

எமது படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் திகதியைப் போட்டு, "இடது பக்கத்தில் ஒருவர் தெருக் கூட்டிக்கொண்டிருந்தார், நாங்கள் அழித்துவிட்டோம்" என்று எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வருடமும் காட்சி வைக்கப்போவதாக அந்த நண்பர்கள் சொன்னார்கள். கட்டாயம் போவோம். தலையில்லாத இரண்டு பனைகளையும் அப்போது பார்க்கக் கிடைத்தால் சந்தோசம்.