டிசால்வும் தீர்மானமும்

திருமணப் படங்களிலும், நேர்காணல்களிலும், மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களிலும் இன்று ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட் தொடங்கும் இடமெல்லாம் டிசால்வ் மயமாகிவிட்டது. முந்திய பிம்பம் மங்க மங்கப் பிந்திய பிம்பம் அதன்மேல் மெல்லத் தெளிந்து வரும் இந்த உபாயத்தை, படத்தொகுப்பின் முதல் லட்சணமென்றே இளைஞர்களுக்குக் கற்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கட் தெரியக் கூடாது, கண்ணை உறுத்தாமல் படம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் கூறும் நியாயம். அந்த நியாயம் பிசகானது என்பது நெடுநாளாக என் அபிப்பிராயம்.

டிசால்வின் சக்தியை நான் மறுக்கவில்லை. 1899-இல் ஜார்ஜ் மெலியே ‘சிண்ட்ரெல்லா’ கதையைப் படமாக்கியபோதே அதைக் கையாண்டிருக்கிறார். ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தின் தொடக்கத்தில் மாளிகையின் தோற்றங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து நெருங்கிவர, வெளிச்சமுள்ள ஒற்றை ஜன்னல் மட்டும் திரையில் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பதையும், பெர்க்மன் ‘கிரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்’ (1972) படத்தில் காட்சிகளைக் கறுப்பில் முடிக்காமல் செந்நிறத்தில் முடிப்பதையும் ரசிக்காதவன் சினிமா ரசிகனே அல்ல. ஆனால் அங்கெல்லாம் இரண்டு பிம்பங்கள் எங்கே, எதற்காகக் கலக்கின்றன என்பது திட்டமிட்டுச் செய்யப்பட்டது. பிற்காலத்துப் பிலிம் தயாரிப்பில் பெரும்பாலும் டிசால்வை லேபுக்கு அனுப்பி ஆப்டிகல் பிரிண்டரில் தனியே எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பணமும் நாளும் செலவாயின, பிம்பமும் ஒரு படி தரம் தாழ்ந்தது. இவ்வளவு நஷ்டத்தையும் ஏற்க வேண்டியிருந்ததால், அவசியமா என்று ஒரு முறையாவது யோசித்துவிட்டே அதைச் செய்தார்கள். இப்போதோ டைம்லைனில் உள்ள கிளிப்புகளை ஒருசேரத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் எல்லா இணைப்புகளிலும் ஒரு விநாடி டிசால்வைப் பரப்பிவிடலாம்.

என் ஆட்சேபம் அந்தச் சௌகரியத்தின்மேல் அல்ல. எந்தப் பிரேமில் ஒரு ஷாட்டை முடிப்பது, எந்தப் பிரேமில் அடுத்ததைத் தொடங்குவது என்ற நிர்ணயமே எடிட்டரின் கலை. டிசால்வ் அந்த நிர்ணயத்தை அவர் கையிலிருந்து பறித்துக்கொள்கிறது. இது எப்படி நிகழ்கிறதென்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஒரு விநாடி டிசால்வ் என்றால், அந்த 25 பிரேம்களிலும் இரண்டு ஷாட்டுகளும் கூடவே ஓடியாக வேண்டும். அதற்கான பிரேம்கள் எங்கிருந்து வரும்? எடிட்டர் வேண்டாமென்று வெட்டித் தள்ளிய பகுதியிலிருந்துதான் வரும். கட் இருந்த இடத்துக்கு அப்பால் முந்திய ஷாட்டிலிருந்து அரை விநாடியும், இப்பால் பிந்திய ஷாட்டிலிருந்து அரை விநாடியும் அவர் அனுமதியைக் கேட்காமலே உள்ளே நுழைந்துவிடும். மணமகளின் தகப்பனார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். துடைத்து முடித்த மறுகணம், காமிராவைக் கவனித்துவிட்டுச் சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எடிட்டர் அவர் காமிராவைப் பார்ப்பதற்கு முன்னால் வெட்டியிருப்பார். அந்த இணைப்பின்மேல் டிசால்வைப் போட்டவுடன், தள்ளுபடியான அதே பார்வை, பாதி மங்கிய உருவமாய், அடுத்து வரும் மாலை மாற்றும் காட்சியின்மேல் படர்ந்து நிற்கும். ஷாட்டில் மிச்சப் பிரேம்கள் இல்லையென்றாலோ சில மென்பொருள்கள் கடைசிப் பிரேமையே திரும்பத் திரும்பக் காட்டி இடத்தை நிரப்பும். அசையும் உலகத்தின்மேல் உறைந்துபோன ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருக்கும். 300 இணைப்புகள் உள்ள படத்தில் எல்லாவற்றையும் இப்படிக் கரைத்தால், மொத்தம் 5 நிமிஷம் எந்த ஷாட்டும் முழுமையாகக் கண்ணுக்குப் புலப்படாத நிலை உண்டாகிறது. இதற்கு வழவழப்பு என்று பெயர் சூட்டி மகிழ்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நேர்காணல்களில் இந்தக் குறை இன்னும் விகாரமாகத் தெரிகிறது. முதிய நாட்டியக் கலைஞர் ஒருவர் ஒரே கோணத்தில், ஒரே அளவில் அமர்ந்து பேசுகிறார். அவர் பேச்சின் நடுவே இரண்டு நிமிஷத்தை எடுத்துவிட்டு முனைகளை டிசால்வால் ஒட்டுகிறார்கள். ஒரு கணம் அவருக்கு நான்கு கண்களும் இரண்டு வாய்களும் முளைக்கின்றன. நேராக வெட்டியிருந்தால் முகம் ஒருமுறை துள்ளும். இங்கே பேச்சில் ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கிறதென்று பார்ப்பவர் அறிந்துகொள்வார், அது யோக்கியமான காரியம். துள்ளல் பிடிக்காதவர் அவர் கைகளையோ, மடியில் இருக்கும் சலங்கையையோ கட்அவேயாக வைக்கலாம். அல்லது படம் எடுக்கும்போதே கோணத்தையும் அளவையும் மாற்றி எடுத்திருக்கலாம். உறுத்தலுக்கு உண்மையான காரணம், அடுத்தடுத்த ஷாட்டுகள் போதிய பேதமில்லாமல் இருப்பதோ, ஓர் அசைவு ஒரு ஷாட்டில் பாதியில் நின்று மறு ஷாட்டில் வேறிடத்தில் தொடங்குவதோதான். அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் அதன்மேல் திரை போடுவதை மென்மை என்று சொல்வது தகாது, அது கோழைத்தனம்.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தில், எரியும் தீக்குச்சியை லாரன்ஸ் ஊதி அணைக்க, பாலைவனத்தின் அடிவானம் திரையை நிறைக்கும் இணைப்பை அறியாதவர் சிலரே. திரைக்கதையில் அது டிசால்வாகவே எழுதப்பட்டிருந்தது. லேபில் ஆப்டிகல் செய்யப்படுவதற்கு முன், ஒர்க் பிரிண்டில் இரண்டு ஷாட்டுகளும் நேராக ஒட்டிக்கிடந்த நிலையில் அதைப் பார்த்த எடிட்டர் ஆன் கோட்ஸும் டைரக்டர் டேவிட் லீனும் அந்த நிர்வாணமான கட்டின் வலிமையை உணர்ந்து அதையே வைத்துக்கொண்டார்கள். அதன்பின் கோட்ஸ் பிரேம் கணக்கில் அதைச் செப்பனிட்டார். இன்று எத்தனை எடிட்டர்கள் தங்கள் இணைப்புகளை அப்படி ஒருமுறையாவது வெறுமையாகப் பார்க்கிறார்கள்? டிசால்வ் முதலிலேயே விழுந்துவிடுவதால், அதன் கீழே எப்படிப்பட்ட கட் இருந்திருக்கும் என்பதை அறிய அவர்களுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

சாதாரணப் பார்வையாளருக்குக் கட் கண்ணை வருத்தும் என்கிறார்கள். மனிதன் ஓயாமல் கண்ணிமைக்கிறான், பார்வையை ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவிடுகிறான். இமைப்புக்கும் வெட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நூலே எழுதிய வால்டர் மர்ச், காட்சிமேல் காட்சி அடுக்கித் தொடங்கும் ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தின் எடிட்டர்களில் ஒருவர். கலப்பின் அருமை அறிந்தவரே வெட்டின் இயல்பை இவ்வளவு ஆராய்ந்திருக்கும்போது, கட் இயற்கைக்கு விரோதமென்ற வாதம் எப்படி நிற்கும்?

ஒலியில் கதை வேறு. இரண்டு ஒலித்துண்டுகள் சேரும் இடத்தில் ‘டக்’கென்ற சப்தம் எழாதிருக்க ஓரிரு பிரேம் அளவுக்குக் கிராஸ்ஃபேடு வைப்பது தொழில் ஒழுங்கு, அதை யாரும் குறைகூற மாட்டார்கள். ஆனால் திருமணப் படத்தில், முகூர்த்த வேளையில் நடப்பதைக் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் கைவிரலை உயர்த்தி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் கொடுத்ததும், நாகஸ்வரக்காரர் தாம் வாசித்துக்கொண்டிருக்கும் கீர்த்தனத்தை எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே விட்டுவிடுகிறார், தவில் முழு வேகத்தில் அதிர்கிறது. அந்தச் சடங்கை வகுத்தவர்கள் படிப்படியாக ஏறும் இசையை அங்கே வைக்கவில்லை. தாலி ஏறும் கணத்துக்கு ஒரு கூரிய விளிம்பு வேண்டுமென்று அறிந்து, இசையையே நடுவில் முறித்து வைத்தார்கள். இன்றைய படங்களில் அந்த முழக்கம் ஒரு சினிமாப் பாட்டுக்குள் மெல்லத் தேய்ந்து மறைகிறது. தாலி முடியும் விரல்கள் அட்சதை தூவும் கைகளோடு கலங்கி, முதல் முடிச்சு எப்போது விழுந்ததென்று அந்தப் பெண்ணே தன் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிறது. படம் பிடித்தவர் அந்த முடிச்சைத் தெளிவாகத்தான் பிடித்திருக்கிறார். எடிட்டர் அந்த ஒரு டிசால்வை நீக்கினாலே போதும், அது அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.