படுக்கவைக்கும் பாசம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வயசாளி ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் பாதிக் குடும்பம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடும். கட்டிலுக்கு அடியில் ஒயர்கூடை, பக்கத்தில் மகளோ மருமகளோ. இந்தத் துணை எவ்வளவு பெரிய மருந்து என்பதற்குச் சான்று உண்டு. சீனாவின் செங்டு நகரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 281 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. குடும்பத்தாரைக் கொண்டே நோயாளியைப் பேசவைத்தார்கள், எழுந்து நடமாட வைத்தார்கள், இரவுத் தூக்கத்தையும் கவனித்தார்கள். அறுவைக்குப் பின் வரும் திடீர் மனக்குழப்பம் வழக்கமான கவனிப்பில் 19.4 சதவீதம் பேருக்கு வந்தது, இப்படிக் குடும்பத் துணையோடு கவனிக்கப்பட்டவர்களில் 2.6 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

நம்மிடம் துணை இருக்கிறது, நடமாட்டம்தான் இல்லை. 'தையல் பிரிஞ்சிரும், அசையாமப் படுங்க' என்பதே இங்கே பணிவிடை. மூக்குக்கண்ணாடி துண்டில் சுற்றிக் கூடைக்குள் போய்விடும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. பெரியவர் பினாத்தத் தொடங்கினால் பழி மயக்க ஊசி மேல் விழும். மருந்துகளுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வலி, தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, தூக்கக்கேடு, கிடந்த கிடை எல்லாம் சேர்ந்துதான் மூளையைக் கலக்குகின்றன. பலருக்கு அது தெளிந்துவிடும். சிலருக்கு நினைவாற்றல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

ஆபரேஷனுக்கு முன்பே நடந்து பழகச் சொன்னால், காடுகரையில் உழைத்த உடம்புக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். மானாவாரி உழைப்பு மழையை நம்பியது. மிளகாயும் பருத்தியும் எடுத்து முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆபரேஷன் வரை கொண்டுவந்த மூட்டுவலியோ குடலிறக்கமோ அதற்குப் பல மாதம் முன்பே ஆளைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் நடக்கும்போது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மருத்துவரைக் கேட்டு, முதலில் கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லையென்றால் நிற்கவைத்து, பிறகு கைபிடித்து நடத்த வேண்டும். இன்னொரு மறுப்பு கனமானது: செங்டுவில் பலன் தந்தது பல செயல்களின் தொகுப்பு, நடை மட்டும் அல்ல. உண்மைதான். ஆகவே நடந்தால் போதும், குழப்பம் வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தத் தொகுப்பில் செலவு வைக்கும் பொருள் ஏதுமில்லை. கண்ணாடி, தண்ணீர், பேச்சு, உறக்கம், நடை, அவ்வளவுதான்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் அன்றே நோயாளிக்கு நடைப்பயிற்சியும், துணைக்கு வருபவருக்கு அரைமணி நேரப் பாடமும் சொல்லித்தர இவையே போதும். கூட இருப்பவரை வராந்தாவுக்கு விரட்டும் வார்டு, தன் கையில் இருக்கும் மலிவான மருந்தை வீணாக்குகிறது.