முத்திரையும் பண்பும்

குணநலன்களைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களுக்கு நம் அகராதிகள் பொருள் கூறும் முறை சிந்தனைக்குரியது. ‘கேரக்டர்’ என்பதற்குக் குணம், இயல்பு, பண்பு, ஒழுக்கம், எழுத்து எனக் காற்புள்ளியிட்டு அடுக்கிவிடுகின்றனர். வேறுபாட்டைக் கூறுவார் அரியர்.

நம் மறைமாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என வகுத்து, ஒரு சொல்லின் பல பொருளையும் ஒரு பொருளின் பல சொல்லையும் தனித்தனியே காட்டினார். 1992-இல் வெளிவந்த க்ரியா அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பொருள் தந்தது. ஆங்கிலச் சொற்களுக்கும் அத்தகைய தெளிவே வேண்டும்.

இயல்பு உடன்பிறந்தது. பண்போ, நிலத்தைப் பண்படுத்துதலோடு உறவுடையது. காவிரிப் படுகை வயல்போல் பருவந்தோறும் உழவை வேண்டுவது. நோய் நீங்குவதையும் தமிழர் குணமாதல் என்கிறோம். கிரேக்க மூலத்திலோ ‘கேரக்டர்’ பொறிக்கப்பட்ட அடையாளம். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகியவை ஆன்மாவில் பதிக்கும் அழியா முத்திரையை 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் இச்சொல்லாலேயே குறித்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ‘கேரக்டர் சரியில்லை’ என்று திருமணப் பேச்சிலும் வேலை கேட்குமிடத்திலும் ஒருவரை ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். ஒழுக்கம் தவறக்கூடும், முத்திரை அழிவதில்லை. ஆதலால்தான் மனந்திரும்பி வருபவருக்குத் திருச்சபை மீண்டும் திருமுழுக்களிப்பதில்லை. ஒப்புரவு அருளடையாளத்தையே வழங்குகிறது.

அகராதி ஒரு காற்புள்ளியில் மறைத்ததை, அயலாரைக் குறித்துப் பேசும்போதேனும் நாம் பிரித்தறிவோமாக.